நடுவில் நிற்காத வலி

என் தம்பி சிவபிரகாஷின் மனைவி வினிதாவுக்கு இரண்டாவது பிள்ளையைக் கத்தி படாமல் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு விதை போட்டுத் தண்ணீரும் பாய்ச்சியவள் என் அம்மா சுப்புத்தாய்.

அம்மாவின் வாயைப் பற்றி ரெட்டியார்சத்திரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய் அப்படியே மகளுக்கும் வந்திருக்கிறது என்று கூடுதலாக ஒன்றும் சொல்வார்கள். மகள் நான்தான், சூர்யகலா. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரவிக்கை தைத்துப் பிழைக்கிறேன். போன தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை இந்தத் தீபாவளிக்கு இறுக்கினால், துணி சுருங்கிவிட்டது என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்ன பதில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வினிதா ஆயக்குடிக்காரி. கொய்யாத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம், அதனால் வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போனார்கள். அவள் அப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் கொய்யாவுக்கு மருந்துகூட அடிக்க மாட்டார். பேரப்பிள்ளை பிறக்கிற நேரத்தை மட்டும் சாமி பொறுப்பில் விட்டுவிடுவாரா? ஜோசியரிடம் நட்சத்திரம், ஓரை எல்லாம் குறித்து வாங்கி, தெரிந்த தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லி, சரியாக அந்த நேரத்துக்கு ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். வினிதாவுக்கு வலி என்று ஒன்று வரவே இல்லை. பேத்தி நல்ல நேரத்தில்தான் பிறந்தாள். தாய்க்குத்தான் நேரம் சரியில்லாமல் போயிற்று. தையல் சீழ் வைத்தது. பிரித்துச் சுத்தம் பண்ணி மறுபடி தைத்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியாமல் கிடையாய்க் கிடந்தாள்.

அப்படிக் கிடந்து எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்தவளைப் பார்த்துத்தான், பிள்ளை பார்க்க வந்த பொம்பளைகளை எதிரே வைத்துக்கொண்டு அம்மா சொன்னாள்.

"வலியும் இல்ல, வாதையும் இல்ல. கத்திய வச்சாங்க, புள்ளைய எடுத்தாங்க. நோகாம நொங்கு தின்னுட்டு வந்திருக்கா எம் மருமக. இதெல்லாம் பெத்த கணக்குல சேருமாத்தா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். வினிதாவும் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்படியில் நின்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு வேற வேலை இல்ல. விட்டுத் தள்ளு" என்றேன்.

"அடுத்ததை நான் பெத்துக் காட்டுறேனுங்க மதினி" என்றாள்.

எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாங்கள் சத்தம் போடாமல் பிள்ளை பெறுகிறவர்கள். என் சித்திகள், பெரியம்மா எல்லோரும் அப்படித்தான். நானும் என் பையன்கள் பிறந்தபோது முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போனது. வெளியே இருந்தவர்களுக்குப் பிள்ளை அழுத சத்தம்தான் முதலில் கேட்டதாம். அம்மா அதைக் கல்யாண வீடுகளில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் தெருவில் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டு, அடுத்துக் கேட்பது "சத்தம் போட்டாளா?" என்றுதான். இதில் யாருக்கு என்ன லாபம் என்று நான் அதுவரைக்கும் யோசித்ததில்லை.

வினிதா மறுபடி உண்டானாள். இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டுப் பொறுப்பு. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே மணிமேகலை என்று ஒரு டாக்டரம்மா. அம்மா எங்கே போனாலும் பேச்சுக் கொடுப்பாள் என்பதால் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, வினிதாவோடு நான்தான் உள்ளே போனேன்.

"மொதல் ஆபரேஷன் எதுக்குப் பண்ணாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

வினிதா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "எங்கப்பா நேரம் பாத்தாருங்க" என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்ப வலியே வரலையா? தலை எறங்கல, துடிப்பு கொறஞ்சுது, அப்படி ஏதும் சொல்லலையா?"

"இல்லீங்க. நல்லாத்தான் இருந்தனுங்க."

"அப்படின்னா அது உனக்குச் சாதகம்தான். வழி பத்தலைன்னு பண்ண ஆபரேஷன் இல்ல. கர்ப்பப்பையில கீழ்ப்பக்கமா குறுக்கு வாக்குல வெட்டியிருக்காங்க, அதுவும் நல்லது. ரெண்டு பிள்ளைக்கும் நடுவுல இடைவெளியும் போதுமான அளவு இருக்கு. நீ விருப்பப்பட்டா நார்மலுக்கு முயற்சி பண்ணிப் பாக்கலாம்."

வினிதாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். டாக்டரம்மாவும் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"முழுசாக் கேட்டுட்டு சந்தோஷப்படு. உன்னை மாதிரி நூறு பேர் முயற்சி பண்ணா எழுபது பேருக்கு மேல நார்மலா ஆயிரும். மத்தவங்களுக்குப் பாதியில நிறுத்தி ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். இருநூறு பேர்ல ஒருத்தருக்கு, வலி வர்றப்ப கர்ப்பப்பையில பழைய தையல் போட்ட எடம் விட்டுக்கொடுத்துரும். அந்த ஒருத்தர் யாருன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. விட்டுச்சுன்னா அவசரம். பிள்ளைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து."

"அப்ப நேரா ஆபரேஷனே பண்ணிக்கிட்டா ஆபத்தே இல்லையா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அதுலயும் உண்டும்மா. ரத்தப்போக்கு, சீழ். மூணாவது ஒண்ணு வந்துச்சுன்னா நஞ்சுக்கொடி தழும்புல போய் ஒட்டிக்கலாம். தராசு மாதிரி ரெண்டு பக்கமும் தட்டு இருக்கு. எதுன்னு அவதான் முடிவு பண்ணணும்."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஒருமுறை பிரித்துத் தைத்த ரவிக்கையும் பல வருஷம் உழைக்கும். ஆனால் இழுபடும்போது எந்த இடத்தில் கண் வைக்க வேண்டும் என்று தைத்தவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார். "வலி ஆரம்பிச்சதும் கெளம்பி வந்துரணும். வீட்டுல உக்காந்து பாக்கக் கூடாது. வந்தப்புறம் ஒண்ணு ஞாபகம் வச்சுக்க. பிரசவ வலி வரும், போகும். நடுவுல ஓய்வு கிடைக்கும். ஓய்வே இல்லாம, அடிவயித்துல தையல் எடத்துல வலி நின்னுக்கிட்டே இருந்துச்சுன்னா உடனே சொல்லணும். வெக்கப்படக் கூடாது. மெஷின் கட்டி விடுவோம், இருந்தாலும் சில நேரம் உனக்குத்தான் முதல்ல தெரியும்."

"சொல்றேனுங்க" என்றாள் வினிதா.

வீட்டில் தம்பிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "எதுக்குக்கா வம்பு? நேரா ஆபரேஷன் பண்ணச் சொல்லிருவோம்" என்று என்னிடம் வந்து புலம்பினான். நாலு வேலி நிலத்துக்குச் சொந்தக்காரன் மாதிரித் தெருவில் நடக்கிறவன், பெண்டாட்டி முன்னால் வாயைத் திறக்க மாட்டான். "போய் அவகிட்டச் சொல்லுடா" என்றேன். சொல்லியிருக்கிறான் போல. அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வலிக்கப்போறது எனக்குங்க."

அம்மாவோ ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். "எம் மருமக இந்தத் தடவை வலிச்சுப் பெக்கப்போறாளாம். பாப்பம், எம்புட்டுத் தாங்குறான்னு."

வலி ஒரு விடியற்காலையில் ஆரம்பித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா அடுப்பில் சீரகம் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் இது ஒரு பரீட்சை. சீரகக் கஷாயம் கொடுத்து வலி அடங்கிவிட்டால் அது சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி.

"வீட்டுல உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?" என்று நான் கத்தினேன்.

"அவுக படிச்சவுக, அப்படித்தான் சொல்வாக. செத்த நேரம் பொறுடி. சூட்டு வலிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கிறவ வாயைத் தச்சு விடுறேன். நூல் இருக்கு எங்கிட்ட."

வினிதா கஷாயத்தை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கூடுது அத்தை, போலாம்" என்றாள். உண்மையிலேயே கூடியதா, மாமியாருக்காகச் சொன்னாளா தெரியாது. தம்பி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றி வைத்திருந்த குட்டியானை வண்டி வாசலில் நின்றது. நூற்றெட்டுக்குப் போன் போடலாம் என்று நான் சொல்வதற்குள் முருங்கைக்காய்க் கட்டுகளை இறக்கி வாசலில் போட்டுவிட்டான். முன்னால் வினிதாவும் நானும். பின்னால் அம்மா, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்க்கோடு. பழனி ரோட்டில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம்.

பிரசவ வார்டில் துணைக்கு ஒரு பெண் மட்டும் இருக்கலாம் என்றார்கள். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாரானாள். வினிதா, "மதினி இருக்கட்டும்" என்றாள். அம்மா முகம் விழுந்துவிட்டது. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள்.

வினிதாவின் வயிற்றில் பட்டை கட்டி, பிள்ளையின் துடிப்பு கேட்கிற மெஷினை மாட்டினார்கள். தடதடவென்று அது ஓடிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் தேவைப்பட்டால் தாமதம் ஆகக் கூடாது என்று முன்கூட்டியே கையில் ஊசி குத்தி வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் பேகம்பூர் சைனம்பு. அவளுக்கும் முதல் பிள்ளை ஆபரேஷன்தான், அவளும் இதே முயற்சிக்கு வந்தவள்தான். அவளுக்குத் துணை அவள் அக்கா.

சைனம்பு சத்தம் போட்டாள் என்று சொன்னால் போதாது. ஊரைக் கூட்டினாள். ஒவ்வொரு வலிக்கும் அல்லாவைக் கூப்பிட்டாள், அம்மாவைக் கூப்பிட்டாள், துபாயில் இருக்கிற புருஷனைப் பெயர் சொல்லித் திட்டினாள். வலி விட்டதும் அக்காளிடம் டீ கேட்டாள். கதவு திறந்தபோது அம்மா தலையை நீட்டி, "யாருடி அவ, இந்தக் கத்து கத்துறா? நம்மாளு எப்படி?" என்று கேட்டாள்.

"பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கா" என்றேன்.

"அப்படிச் சொல்லு!" என்று அம்மா பெஞ்சுக்குப் போனாள். அவள் அதை அங்கே எல்லோருக்கும் சொல்கிற சத்தம் உள்ளே கேட்டது. வினிதாவுக்கும் கேட்டது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது.

மத்தியானம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கர்ப்பப்பை வாய் பாதிக்கு மேல் திறந்துவிட்டது, தலை இறங்குகிறது, நல்ல முன்னேற்றம் என்று டாக்டரம்மா சொன்னார். வலி வரும்போது வினிதா கண்ணை மூடிக்கொள்வாள். போனதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பாள். நான் வியர்வையைத் துடைத்துவிடுவேன். எனக்கே பெருமையாக இருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் சிரிப்பது நின்றது.

முதலில் நான் கவனிக்கவில்லை. சைனம்புவுக்குப் பிள்ளை பிறக்கிற நேரம். சிஸ்டர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். "முக்கும்மா, இன்னும் ஒரு தடவை" என்று அவர்கள் சொல்ல, அவள் "முடியலையே" என்று கத்த, அறையே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் திரும்பியபோது வினிதா கண்ணை மூடியபடியே இருந்தாள். வலி போயிருக்க வேண்டிய நேரம். வயிறு தளர்ந்துதான் இருந்தது. முகம் மட்டும் தளரவில்லை. மேலுதடு வெளுத்துப்போயிருந்தது.

"என்னடி?" என்றேன்.

அவள் என் தலையைப் பக்கத்தில் இழுத்துக் காதோடு சொன்னாள். "நடுவுல நிக்க மாட்டேங்குது மதினி. கீழ, தையல்கிட்ட."

"எப்ப இருந்து?"

"கொஞ்ச நேரமா." அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிராதீங்க. இன்னும் கொஞ்சந்தான். சொன்னா கொண்டுபோய் அறுத்துருவாங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

நான் உடனே எழுந்து ஓடவில்லை. ஓடினேன் என்று சொல்ல நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஓடவில்லை. நின்றேன். மெஷின் தடதடவென்று அதே ஓட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருநூறு பேரில் ஒருத்தி. அந்த ஒருத்தி இவளாகத்தான் இருக்க வேண்டுமா? பக்கத்தில் ஒருத்தி இந்நேரம் பெற்றே விட்டாள். பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது. பெண் குழந்தை என்கிறார்கள். இவளுக்கும் இன்னும் கொஞ்சம்தான். அவள் அப்பா ஒரு தடவை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். இந்தத் தடவை பிடுங்கியவள் நானாக இருந்தால், சாகிறவரைக்கும் என் முகத்தில் முழிப்பாளா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வலி அவளுடையது, அதைச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவள் இஷ்டம்தானே? இதையெல்லாம் நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியவில்லை. இப்போது நினைத்தாலும் அந்த நேரம்தான் பயமாக இருக்கிறது.

பிறகு என் கையை அவள் அடிவயிற்றில், பழைய தழும்புக்கு மேல் வைத்தேன். அழுத்தக்கூட இல்லை. வைத்தேன், அவ்வளவுதான். அவள் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. வாயிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வரவில்லை.

அந்த வராத சத்தம்தான் என்னை உலுக்கியது.

"சிஸ்டர்!" என்று கத்தினேன். எங்கள் வம்சத்திலேயே பிரசவ அறையில் அப்படி ஒரு கத்தல் யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். "டாக்டரக் கூப்புடுங்க! தையல் எடத்துல வலி விடலையாம்!"

வினிதா என் மணிக்கட்டை விட்டாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "வினிதா, வலி நடுவுல நிக்குதா இல்லையா?"

"நிக்குதுங்க" என்றாள் அவள். குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. "லேசாத்தான் இருக்குது. மதினி பயந்துட்டாங்க."

"பொய் சொல்றா டாக்டர்."

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குனிந்து, விரலால் தழும்புக்கு மேலே தொட்டார். வினிதா கட்டில் கம்பியைப் பிடித்தாள். அப்போதுதான் மெஷினின் சத்தம் மாறியது. ஓட்டம் குறைந்து, இறங்கி, இறங்கின இடத்திலேயே இழுத்துக்கொண்டு நின்றது. டாக்டரம்மா அதற்கப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "தியேட்டர்" என்று ஒரு வார்த்தை சொன்னார். கட்டிலின் பூட்டை எடுத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என் கையில் வினிதாவின் வளையல்கள் மட்டும் இருந்தன. யார் கழற்றிக் கொடுத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

வெளியே அம்மா எழுந்து நின்றாள். "என்னடி, பெத்துட்டாளா?"

"இல்ல. ஆபரேஷனுக்குக் கொண்டு போறாங்க."

"அம்புட்டுத்தானா?" என்று சொல்லத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தம்பி சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிள்ளை பிழைத்தான். முதலில் அழவில்லை. மூக்கில் காற்று வைத்து, தட்டி, அப்புறம் அழுதான். பச்சைப்பிள்ளைகளைப் பார்க்கிற தனி அறையில் கொண்டுபோய் வைத்தார்கள். வினிதாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து தம்பியையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார்.

"பழைய தையல் நெடுக விட்டிருந்துச்சு. மேல ஒரு மெல்லிசான சவ்வு மட்டும்தான் மிச்சம். அதுக்குள்ள பிள்ளையோட தலைமுடி எனக்குத் தெரிஞ்சுது. ஓரத்துல கிழிய ஆரம்பிச்சிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா முழுசாக் கிழிஞ்சிருக்கும். பிள்ளையை நான் உயிரோட எடுத்திருப்பேனான்னு சொல்ல முடியாது. அவளையும்தான்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த வினிதாவின் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"தப்பு அவ மேல இல்ல, முயற்சி பண்ணதுலயும் தப்பு இல்ல" என்றார் டாக்டரம்மா. "பக்கத்துக் கட்டில்காரிக்கு நல்லபடியா ஆயிருச்சு. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். இவளுக்கு இனிமே முயற்சி கூடாது, அவ்வளவுதான். ஏன் அவ முதல்லயே சொல்லல?"

இந்தக் கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தது.

வார்டுக்கு மாற்றியபிறகு ஆட்கள் பார்க்க வந்தார்கள். வினிதாவின் அப்பா ஒரு கூடை கொய்யாவோடு வந்தார். பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டுவிட்டு, விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, முகத்தைச் சுளித்தார். என் பார்வையைப் பார்த்ததும் விரல்களை விரித்துக்கொண்டார். வினிதா யாரிடமும் அதிகம் பேசவில்லை. என்னிடம் பேசவே இல்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தாள். சேலையைச் சரிசெய்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளிடம் நடந்ததை யாரும் சொல்லியிருக்கவில்லை. பச்சை உடம்பு, பயந்துபோவாள் என்று தம்பி தடுத்துவிட்டான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை அவளே, சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீங்க."

பார்க்க வந்த தெருப் பெண்களிடம் அம்மா பழையபடி ஆரம்பித்துவிட்டாள். "கடைசியில கத்திதான் எடுத்துச்சு, அது வேற. ஆனா ஒண்ணு சொல்லணும்த்தா. அம்புட்டு வலியிலயும் எம் மருமக வாயத் தெறக்கல. பக்கத்துல ஒருத்தி கூரையப் பிச்சுட்டா. இவ ஒரு முணுக்னு சொல்லணுமே!"

எனக்குக் கண் சிவந்துவிட்டது. "அம்மா, வாயை மூடு."

"என்னடி?"

"வாயத் தெறக்காததுதான் கேடு. முன்னமே தெறந்திருந்தா இவளுக்கு இந்தக் கதியே இல்ல. வாயுள்ள புள்ளை பொழைக்கும்னு நீதானே சொல்லுவ? வாயடைச்சுக் கெடந்தவளப் பெருமை பேசுறியே, இன்னும் செத்த நேரம் அப்படிக் கெடந்திருந்தா இந்நேரம் நீ ரெண்டு பேருக்குக் கொள்ளி வைக்க ஆள் தேடிக்கிட்டு இருப்ப."

வந்திருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள், மருமகளை ஒரு முறை பார்த்தாள். என் அம்மா பதில் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வினிதா சுவர்ப் பக்கத்திலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள். "ரெண்டு பேருக்குன்னா?" என்று கேட்டாள்.

தம்பி தடுத்தது எல்லாம் வீணாயிற்று. டாக்டரம்மா ரவுண்டு வந்தபோது அவரிடமே கேட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, எங்களிடம் சொன்னதையே கூட்டாமல் குறைக்காமல் அவளிடமும் சொன்னார். பிள்ளையின் முடி தெரிந்ததைச் சொன்னபோது வினிதா தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "நீ எங்கிட்ட நிக்குதுன்னு சொன்னே" என்று டாக்டரம்மா சொன்னார். கோபமாக இல்லை, ஆனால் சொன்னார். வினிதா தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலையில் அவளை எழுப்பி நடக்கவைக்கச் சொன்னார்கள். பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம், ஆனால் நடந்துதான் போக வேண்டும். நான் ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். கால்களைக் கீழே தொங்கப்போட்டு, மெதுவாக நிமிர்த்தினோம். தையல் இழுத்திருக்கும். அவள் பல்லைக் கடித்தாள். தாடை இறுகியது. பிறகு நான் எதிர்பார்க்கவே இல்லை, வாயைத் திறந்தாள்.

"அய்யோ! வலிக்குதே! அம்மா, வலிக்குதே!"

அந்த நீளமான வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது கட்டிலில் சைனம்பு பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அம்மா பதறிப்போய், "மெல்லத்தா, நாலு பேரு பாக்குறாக" என்றாள்.

"பாக்கட்டும் அத்தை. வலிக்குது."

"எங்க வலிக்குது? இழுக்குதா, குத்துதா?" என்று சிஸ்டர் கேட்டார். எங்கே, எப்படி என்று வினிதா ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அழுதாள். சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது சாதாரணமாக இருக்கிற வலிதான், நடக்கலாம் என்றார்.

ஓர் அடி வைத்தோம். இன்னோர் அடி வைத்தோம். அவள் எடை முழுவதும் என் தோளில் இருந்தது. பிள்ளை இருக்கிற அறை தூரத்தில், வராந்தாவின் கோடியில். கதவுவரை வந்ததும் நின்றாள். மூச்சு வாங்கியது. முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. அந்தக் கோடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க கத்தலைன்னா, நான் கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன் மதினி."

"தெரியும்" என்றேன். "நட."